அழகுக்கு வைத்த செங்கல்

எங்கள் வீட்டு வாசலில் 10க்கு 12 அடியில் ஒரு சின்னப் புல்தரை. மூன்று பக்கமும் செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூச் செடிகள். அருகம்புல் இருக்கிறதே, அது லேசில் அடங்காது. தரைக்கு மேலேயும் ஓடும், கீழேயும் ஓடும். பூச்செடிப் பாத்தியில் உட்கார்ந்து பிடுங்கிப் பிடுங்கி இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம்.

சரி, ஓரம் கட்டிவிடலாம் என்று செங்கல்களைச் சாய்த்து, முனை மேலே தெரிகிற மாதிரி பதித்தேன். காவியும் சுண்ணாம்பும் மாற்றி மாற்றி அடித்ததும் பார்க்க அம்சமாக இருந்தது. தெருவில் நாலு பேர் பாராட்டினார்கள். என் மாமியார் மட்டும், "முதலைப் பல்லு மாதிரி இருக்கேம்மா" என்றார். பெரியவங்க எதற்கும் ஒன்று சொல்வாங்க என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் விடியற்காலை பூப்பறித்துவிட்டு உள்ளே வந்தார். கூடம் முழுக்கப் பொட்டுப் பொட்டாக ரத்தம்! கால் கட்டைவிரல் செங்கல் முனையில் கிழிந்திருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை. 15 வருஷச் சர்க்கரை நோய், பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டதாம். புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. கட்டுப் போட அழைத்துப் போனபோதெல்லாம் அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

அத்தனை செங்கலையும் நானே பெயர்த்தேன். அப்போதுதான் பார்க்கிறேன், அவற்றுக்கு அடியிலேயே புல் வேர் புகுந்து பாத்திக்குப் போயிருக்கிறது! அழகும் இல்லை, பயனும் இல்லை.

இந்தத் தடவை கோலமாவால் கோடு போட்டு, 10 அங்குல ஆழத்துக்குக் குறுகலாகப் பள்ளம் வெட்டினோம். அடியில் ஓர் அங்குலம் மணல். அதன்மேல் செங்கலை நெட்டுக்குத்தாக, ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்த வேண்டும். செங்கல் நீளம் 9 அங்குலம் என்பதால் தலை சரியாகத் தரை மட்டத்துக்கு வந்துவிடும். அரை அங்குலம்கூடத் தூக்கி நிற்கக் கூடாது, நூல் கட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். அகலம் நாலரை அங்குலம் என்பதால் எங்கள் 34 அடிக்கு 91 செங்கல் பிடித்தது. பழசே போதுமானதாக இருந்தது, உடைந்ததற்குப் பதில் சிலதுதான் வாங்கினோம். புதிதாக வாங்குபவர்கள் இரண்டைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். வேகாத கல் மழைக்குக் கரைந்துவிடும். சிமென்ட் பூசவில்லை, இடுக்கில் மணல்தான். மழைத் தண்ணீரும் தேங்குவதில்லை.

மேலே ஓடி வருகிற புல்லை வாரம் ஒருமுறை கத்தரியால் செங்கல் ஓரமாகவே நறுக்கிவிடுகிறேன். பத்து நிமிஷ வேலை.

டாக்டர் சொன்னபடி, அத்தைக்கு வாசற்படியிலேயே செருப்பு தயாராக இருக்கும். "இப்பத்தான் கோலத்துக்குக் காவிக் கரை கட்டின மாதிரி இருக்கு" என்றார் போன வாரம். பெயின்ட் அடிக்கலாம் என்று என் கணவர் கேட்டார். மழையில் வழுக்கும், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.