மனத்தை மயக்கும் பூசணங்கள்

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் புதுச்சத்திரம் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள மானாவாரிக் காடுகளில் கம்பும் சோளமும் நிலக்கடலையும் விளைவதைப் பார்த்திருப்பீர்கள். கம்பு பூக்கும் சமயத்தில் வானம் மூட்டமாகவும் காற்று ஈரமாகவும் இருந்துவிட்டால், சில கதிர்களில் பிசுபிசுப்பான துளிகள் வழியும். ஈயும் எறும்பும் அவற்றை மொய்க்கும். தொட்டு நக்கினால் இனிக்கும் என்பார்கள். நக்கிப் பார்க்க வேண்டாம். இது தேன் அன்று. கம்பின் தேன் ஒழுகல் நோய் இது. கிளாவிசெப்ஸ் என்னும் பூசணம் கம்பு மணியின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, தன் வித்துகளை இந்த இனிப்பு நீரில் கலந்து வெளியே அனுப்புகிறது. இனிப்புக்கு ஆசைப்பட்டு வரும் பூச்சிகளே அடுத்த கதிருக்கு நோயைச் சுமந்து செல்கின்றன.

சில நாட்கள் சென்றபின் துளிகள் காய்ந்துவிடும். கம்பு மணி இருக்க வேண்டிய இடத்தில் கரும்பழுப்பான கெட்டிப் பொருள் ஒன்று முளைத்து நிற்கும். இதைத்தான் எர்காட் என்கிறோம். சேவலின் கால் முள்ளைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. கோழிக்குப் பேர்போன நாமக்கல் பக்கத்து மாணவர்களுக்கு இந்த உவமை எளிதில் விளங்கும்.

பூசணம் கம்புக்குள் நுழையும் வழி வேடிக்கையானது. கம்பில் சூல்முடி முதலில் வெளிவரும். மகரந்தம் சில நாட்கள் கழித்தே வரும். அந்த இடைவெளியில் பூசண வித்து சூல்முடியில் விழுந்தால் உள்ளே புகுந்துவிடும். மகரந்தம் முந்திக்கொண்டால் சூல்முடி சில மணி நேரத்தில் வாடிவிடும். பூசணத்துக்குக் கதவு அடைபட்டுவிடும். நாட்டுக் கம்பில் செடிக்குச் செடி பூக்கும் நாள் மாறுபடுவதால், காற்றில் எப்போதும் எங்கிருந்தோ மகரந்தம் மிதந்துகொண்டே இருக்கும். 1965க்குப் பிறகு பரவிய வீரிய ஒட்டுக் கம்பிலோ வயல் முழுவதும் ஒரே சமயத்தில் பூத்தது. விளைச்சல் பெருகியது, கூடவே தேன் ஒழுகலும் பெருகியது.

எர்காட்டுக்கும் மனத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 1956-57ஆம் ஆண்டுகளில் அன்றைய பம்பாய் மாநிலத்தின் தென்பகுதியிலும், 1975இல் ராஜஸ்தானத்திலும், எர்காட் கலந்த கம்பை உண்ட கிராமத்து மக்களுக்கு ஓயாத வாந்தியும் தலைசுற்றலும் ஏற்பட்டன. அதன்பின் அவர்கள் நெடுநேரம் தூக்க மயக்கத்தில் கிடந்தனர். ராஜஸ்தானத்து நிகழ்ச்சியை ஐதராபாத்திலுள்ள தேசிய உணவூட்டக் கழகத்தார் ஆராய்ந்து, குற்றவாளி கம்பு எர்காட்டிலுள்ள கிளாவின் வகை ஆல்கலாய்டுகளே என்று காட்டினர். எர்காட் மணிகளைத் தனியே பொறுக்கி எறிய நேரமும் மாற்றுத் தானியமும் உள்ளவனுக்கு இந்த நோய் வருவதில்லை. இருந்த கம்பையெல்லாம் மாவாக்கிக் களி கிண்டியவனுக்கே வந்தது.

ஐரோப்பாவில் கதை இன்னும் கொடியது. அங்கே ஏழைகளின் தானியம் ரை. அதன்மேல் வளரும் எர்காட்டில் வேறு வகை ஆல்கலாய்டுகள் உள்ளன. அவை இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். கைகால்கள் நெருப்பில் இட்டதுபோல் எரிந்து, கறுத்து, அழுகி விழும். வேறு சிலருக்கு வலிப்பும் மனக்குழப்பமும் இல்லாத காட்சிகளும் தோன்றும். "புனித அந்தோணியாரின் நெருப்பு" என்று இதற்குப் பெயர். இந்நோயாளிகளைப் பேணுவதற்கென்றே 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தோணியார் பெயரால் ஒரு துறவியர் சபை தோன்றியது. அச்சபையின் மடம் ஒன்றுக்காக 1512க்கும் 1516க்கும் இடையே குரூனவால்ட் என்னும் ஜெர்மானிய ஓவியர் வரைந்த பீட ஓவியத்தில், புண் நிறைந்த உடலுடன் ஒரு நோயாளி கிடப்பதை இன்றும் காணலாம்.

ரொட்டிக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவை அறிய மக்களுக்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. சூனியம் என்றும் சாபம் என்றும் எண்ணினர். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சேலம் என்றே ஓர் ஊர் உண்டு (நம் சேலத்துக்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவில்லை). 1692இல் அங்கே சில சிறுமியருக்கு வலிப்பும் பிதற்றலும் கண்டன. சூனியக்காரிகள் என்று பழி சுமத்தி 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். அச்சிறுமியர் உண்ட ரையில் எர்காட் இருந்திருக்கலாம் என்று 1976இல் லிண்டா கேப்ரீல் என்னும் ஆராய்ச்சியாளர் எழுதினார். படிக்கச் சுவையான கருத்துதான். ஆனால் அதே ஆண்டிலேயே மறுப்பு வந்துவிட்டது: ஒரே ரொட்டியை உண்ட வீட்டார் நலமாயிருக்க, சிறுமியர் மட்டும் நோயுற்றது எப்படி? மறுப்பே வலுவானது என்று எனக்குப் படுகிறது. மனிதர் செய்த கொடுமைக்கெல்லாம் ஒரு பூசணத்தின் தலையில் பழி போட முடியாது.

இந்த நஞ்சிலிருந்தே மருந்தும் பிறந்தது. பிரசவத்துக்குப் பின் தாய்க்கு இரத்தப் பெருக்கு நிற்காமல் போனால் சிறிது நேரத்தில் உயிர் போய்விடும். எர்காட் கருப்பையின் தசைகளைச் சுருங்கச் செய்யும் என்பதை ஐரோப்பிய மருத்துவச்சிகள் அறிந்திருந்தனர். அந்த வேலையைச் செய்யும் எர்கோமெட்ரின் என்னும் பொருள் 1935இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் நெருங்கிய உறவான மெத்தில் எர்கோமெட்ரின் ஊசி நம் அரசு மருத்துவமனைகளிலும் பிரசவ அறையில் பயன்படுவதே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், கே. எம். தாமஸ், டி. எஸ். ராமகிருஷ்ணன் ஆகிய பூசணவியல் அறிஞர்கள் நீலகிரியில் ரை பயிரிட்டு, அதன்மேல் வேண்டுமென்றே எர்காட்டை வளர்க்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டனர். மற்ற உழவர்கள் ஒழிக்க விரும்பும் நோயை இவர்கள் பயிராக வளர்த்தார்கள்!

சுவிட்சர்லாந்தில் பாஸல் நகரிலுள்ள சாண்டோஸ் கம்பெனியில் ஆல்பர்ட் ஹாஃப்மன் என்னும் வேதியியலார் எர்காட் பொருள்களை ஆராய்ந்து வந்தார். 1938இல் அவர் செய்த பல சேர்மங்களில் 25ஆவது, எல்.எஸ்.டி.-25. பயனில்லை என்று அதை ஒதுக்கிவிட்டனர். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1943 ஏப்ரல் 16ஆம் நாள் அதை மீண்டும் தயாரித்தபோது அவருக்குத் தலை சுற்றியது. வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடினால் வண்ண வண்ணமாய்க் காட்சிகள்! தோலில் பட்ட துளியே காரணமாயிருக்கும் என்று ஐயுற்று, மூன்றாம் நாள் மிக மிகச் சிறிய அளவு என்று எண்ணி அதைத் தாமே உட்கொண்டார். ஒரு கல் உப்பின் எடைகூட அதில் இல்லை. போர்க்காலமாதலால் கார் கிடைக்கவில்லை. உதவியாளர் துணையுடன் சைக்கிளில் வீடு திரும்பினார். வழியெல்லாம் உலகம் வளைந்து நெளிந்தது. பால் கொண்டுவந்த அண்டை வீட்டு அம்மையார் சூனியக்காரியாகத் தெரிந்தார். செத்துவிடுவோம், அல்லது பைத்தியமாகிவிடுவோம் என்று நடுங்கினார். அது பெரிய துணிச்சல் என்று சிலர் புகழ்வர். இன்றைய ஆராய்ச்சிக்கூடத்தில் அப்படிச் செய்ய அனுமதி இல்லை. அதுவே சரி.

இப்போது மெக்சிகோவுக்குப் போவோம். 16ஆம் நூற்றாண்டில் அங்கு சென்ற ஸ்பானியப் பாதிரியார்கள், அஸ்டெக் மக்கள் ஒரு காளானைச் சடங்கில் உண்டு காட்சிகள் கண்டதை எழுதி வைத்தனர். அதன் பெயருக்குத் "தெய்வத்தின் தசை" என்று பொருள். பாதிரியார்கள் அதைப் பேய் வழிபாடு என்று தடுத்தனர். வழக்கம் மலைகளுக்குள் ஒளிந்தது. 1915இல் ஓர் அமெரிக்கத் தாவரவியலார், அப்படி ஒரு காளானே இல்லை, காய்ந்த கள்ளித் துண்டைத்தான் காளான் என்று எழுதிவிட்டார்கள் என்று சாதித்தார். 1930களின் பிற்பகுதியில் ரிச்சர்டு சுல்டெஸ் முதலானோர் மலைகளுக்கே சென்று காளானைக் கண்டு அக்கூற்றைப் பொய்யாக்கினர்.

1955இல் கார்டன் வாஸன் என்னும் நியூயார்க் வங்கி அதிகாரி ஹுவாட்லா என்ற மலையூரில் மரியா சபினா என்னும் நாட்டு மருத்துவப் பெண்மணி நடத்திய இரவுச் சடங்கில் கலந்துகொண்டார். மரியா சபினாவுக்கு அது கேளிக்கை அன்று. நோயாளியின் நோய் என்னவென்று அறிவதற்காகப் பாடல்களுடனும் நோன்புடனும் செய்த வழிபாடு. வாஸன் 1957 மே மாதம் "லைஃப்" பத்திரிகையில் அதைப் படங்களுடன் வெளியிட்டார். அம்மையாரின் பெயரை மாற்றித்தான் எழுதினார்; ஆயினும் ஊர் வெளிப்பட்டுவிட்டது. உலகெங்கிலுமிருந்து இளைஞர்கள் போதை தேடி அந்த ஏழை ஊரில் குவிந்தனர். போலீஸார் வந்தனர். ஊரார் மரியா சபினாவை வெறுத்தனர். அவர் வீடு தீக்கிரையாயிற்று. வெளியார் வந்தபின் காளான்களின் புனித ஆற்றல் போய்விட்டது என்று வருந்திய அவர் 1985இல் வறுமையிலேயே இறந்தார். அறிவியல் அடைந்த பேறு பெரிதுதான். அதற்கு விலை கொடுத்தவர் யார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தக் காளான்களைப் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹைம் வகைப்படுத்திப் பாரிஸில் வளர்த்தார். அவை ஹாஃப்மனிடம் வந்தன. 1958இல் அவரும் தோழர்களும் அவற்றிலிருந்து சைலோசைபின் என்னும் பொருளைப் பிரித்தனர். அதே மனிதர், அதே ஆய்வுக்கூடம்! 1962இல் ஹாஃப்மன் சைலோசைபின் மாத்திரைகளுடன் சென்று மரியா சபினாவைச் சந்தித்தார். மாத்திரையிலும் காளானின் ஆற்றலே இருக்கிறது என்று அம்மையார் ஒப்புக்கொண்டாராம்.

வாஸன் அதோடு நிற்கவில்லை. ரிக்வேதத்தில் போற்றப்படும் சோமம், சிவப்பு மேல் வெண்புள்ளி கொண்ட அமானிட்டா காளானே என்று 1968இல் ஒரு நூல் எழுதினார். ரிக்வேதத்தின் ஒன்பதாம் மண்டலம் முழுவதும் சோமத்தைப் பற்றியதே. கல்லால் நசுக்கி, கம்பளியில் வடிகட்டி, பாலில் கலந்து பருகினர் என்று அதிலிருந்து தெரிகிறது. சைபீரியப் பழங்குடியினர் சிலர் இக்காளானை மயக்கத்துக்கு உண்டது உண்மை. ஆனால் கேம்பிரிட்ஜ் வடமொழி அறிஞர் ஜான் பிரஃப் 1971இல் வாஸனின் சான்றுகளை ஒவ்வொன்றாக மறுத்தார். சோமத்தின் உறவான ஹோமத்துக்குப் பார்சிகள் இன்றும் எபிட்ரா என்னும் குத்துச்செடியின் குச்சிகளையே பயன்படுத்துகின்றனர். சோமம் எது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை; காளான் பக்கம் தீர்ப்பாகும் என்று நான் எண்ணவில்லை.

இனி மூளைக்குள் நுழைவோம். முட்டையிலும் பாலிலும் டிரிப்டோபேன் என்னும் அமினோ அமிலம் உள்ளது. நம் உடல் அதிலிருந்து செரடோனின் என்னும் பொருளை ஆக்குகிறது. 1948இல் இரத்தத்திலிருந்து பிரிக்கப்பட்ட செரடோனின், மூளையிலும் இருப்பதாக 1953இல் பெட்டி டுவாரோக் கண்டார். ஒரு நரம்பணுவிலிருந்து அடுத்ததற்குச் செய்தி கொண்டுசெல்லும் தூதர்களில் அதுவும் ஒன்று. எர்காட் ஆல்கலாய்டுகளையும் சைலோசைபினையும் பூசணங்கள் ஆக்குவதும் இதே டிரிப்டோபேனிலிருந்துதான்! சைலோசைபின் உடலுக்குள் சென்றதும் தன் பாஸ்பேட் பகுதியை இழந்து சைலோசின் ஆகிறது. அதன் உருவம் செரடோனினை ஒத்திருப்பதால், செரடோனினுக்கென்று நரம்பணுவில் அமைந்த ஏற்பிகளில் போய்ப் பொருந்திக்கொள்கிறது. பூட்டு ஒன்று, கள்ளச்சாவி இரண்டு எனலாம். இல்லாத ஒளி தெரிகிறது, காலம் நீள்கிறது, "நான்" என்னும் எண்ணமே கலைகிறது. இவ்வளவு சிறிய பொருள் மனத்தை இப்படி மாற்றுமானால், மனநோய்களுக்கும் மூளை வேதியியலில் காரணம் இருக்கலாமே என்ற எண்ணம் 1950களில் வலுப்பட்டது. பிசாசு பிடித்தது, வளர்ப்புச் சரியில்லை என்று நோயாளியையும் பெற்றோரையும் பழித்த காலத்தில் இது பெரிய திருப்பம்.

இதே காலத்தில்தான் அமெரிக்க உளவுத்துறை எல்.எஸ்.டி.யை மனிதர்களுக்கு அவர்கள் அறியாமலேயே கொடுத்துச் சோதித்தது. போதைக்காக வீதியிலும் அது பரவியது. 1971இல் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை எல்.எஸ்.டி.யையும் சைலோசைபினையும் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி இவற்றை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். கோடைக்கானலில் போதைக் காளான் விற்றவர்கள் பிடிபட்டதாகச் செய்தித்தாளில் அவ்வப்போது படிக்கிறோம்.

மாணவர்களே, காட்டுக் காளானில் சட்டத்தைவிடப் பெரிய ஆபத்து வேறு உண்டு. மழைக்குப் பின் புற்றுக்காளான் பறித்துக் குழம்பு வைப்பது நம் பக்கத்து வழக்கம். அதைப் பழகிய பாட்டிமார் கண்ணுக்குத்தான் இனம் தெரியும். சில காளான்களில் உள்ள அமடாக்ஸின் என்னும் நஞ்சு சமைத்தாலும் அழியாது. உண்டு 6 மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. வாந்தியும் பேதியும் வந்து ஓய்ந்ததுபோல் தோன்றும்போது ஈரல் அழிந்துகொண்டிருக்கும். மயக்கும் காளானே ஆனாலும், குடும்பத்தில் மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கு அது நோயைத் தட்டி எழுப்பிவிடக்கூடும்.

கம்புக்கு நம் ஊர் மருந்து எளியது. 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ உப்பைக் கரைத்து விதையை அதில் கொட்டுகிறார்கள். உப்புநீர் அடர்த்தி மிக்கதாதலால் இலேசான எர்காட் மிதக்கும். நல்ல மணி மூழ்கும். மிதப்பதை அள்ளி எறிந்து, விதையை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டியதுதான். உணவுத் தானியத்தில் எர்காட் 100க்கு 0.05 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம்.

சைலோசைபினோ மீண்டும் ஆய்வுக்கூடத்துக்கு வந்திருக்கிறது. புற்றுநோயாளிகளின் அச்சத்தையும் மனச்சோர்வையும் அது தணித்ததாக ஜான்ஸ் ஹாப்கின்ஸ், நியூயார்க் பல்கலைக்கழகங்கள் 2016இல் அறிவித்தன. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், வேறு மருந்துக்கு இணங்காத மனச்சோர்வுக்கு அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் இதைக் கொடுக்கலாம். ஆயினும் இந்த ஆராய்ச்சியில் ஒரு சங்கடம் இருக்கிறது. புதிய மருந்தைச் சோதிக்கும்போது பாதிப் பேருக்கு உண்மை மருந்தும் பாதிப் பேருக்கு வெறும் மாத்திரையும் கொடுப்பார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. நம்பிக்கையால் வந்த குணத்தையும் மருந்தால் வந்த குணத்தையும் பிரித்தறியும் வழி இது. சைலோசைபின் உட்கொண்டவருக்கோ அரை மணியிலோ ஒரு மணியிலோ சுவர் அசையத் தொடங்குகிறது. தமக்குக் கிடைத்தது எது என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. எதிரே அமர்ந்திருக்கும் மருத்துவருக்கும் தெரிந்துவிடுகிறது.