விண்ணகம் சென்ற விருந்தாளி

படுக்கைச் சுருளும் ஊறுகாய் ஜாடியுமாகத் தாதர் நிலையத்தில் வந்திறங்கிய நம் முன்னோர், மாட்டுங்காவிலோ தாராவியிலோ முன்பே குடியேறியிருந்த உறவினர் வீட்டில் சின்னாள் ஒண்டியிருந்து பிழைப்புத் தேடிய கதையைக் கேளாத பிள்ளைகள் நம் இல்லங்களில் இல்லை. 1984-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இந்தியர் ஒருவர் விண்வெளி சென்று மீண்ட வரலாற்றைப் படிக்குந்தோறும் நமக்கு அக்கதையே நினைவுக்கு வருகின்றது. அவரும் பிறர் வீட்டுக்கே சென்றார்.

அவ்வீட்டின் பெயர் சல்யூத் 7. சோவியத் நாட்டார் 1982-இல் ஏவிய அந்நிலையம் ஏறத்தாழ ஒன்றரை மணிக்கொரு முறை உலகை வலம் வந்தது. கிசிம், சொலவ்யோவ், மருத்துவர் அத்கோவ் ஆகிய மூவர் 1984 பிப்ரவரி முதல் அதில் குடியிருந்தனர். ஏப்ரல் 3 அன்று மாலிஷெவ், ஸ்திரெக்கலோவ் என்னும் இருவருடன் ராகேஷ் சர்மா, பைக்கனூரிலிருந்து சோயுஸ் டி-11 கலத்தில் புறப்பட்டார். மறுநாள் கலம் நிலையத்தோடு இணைந்தது. மூவர் வாழ்ந்த வீட்டில் அறுவர்! அந்த நெருக்கடியைத் தாராவி அன்பர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

விருந்தாளி வெறுங்கையோடு போகவில்லை. மைசூரிலுள்ள பாதுகாப்புத் துறையின் உணவு ஆராய்ச்சிக் கூடத்தார் பதப்படுத்திக் கொடுத்த மாம்பழப் பாளமும் ரவை அல்வாவும் அவருடன் சென்றன, மற்றவர்களும் பகிர்ந்துண்டனர். எடையற்ற நிலையில் உடல் தளராதிருக்க யோகாசனம் உதவுமா என ஆராய்ந்ததும், நம் நாட்டின் நிலப்பரப்பைப் படம் பிடித்ததும் அவருடைய பணிகள்.

பாட்டியாலாவில் பிறந்து விமானப்படையில் பணியாற்றிய சர்மா, மாஸ்கோவை அடுத்த விண்மீன் நகரில் பயிற்சி பெறுவதற்கு ருஷ்ய மொழியைக் கற்க வேண்டியிருந்தது. ஆலைகளிலும் கடைகளிலும் மராத்தியும் இந்தியும் கற்றுத் தேறிய நமக்கு அதன் அருமை தெரியும். ஆயினும், மேலிருந்து இந்தியா எப்படித் தோன்றுகின்றது எனப் பிரதமர் இந்திரா காந்தி கேட்டபோது, இக்பால் பாடலின் தொடக்கச் சொற்களே அவர் நாவில் வந்தன. அண்டை வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் குழுமி அதனைக் கேட்டவர்கள் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் நம்மவருள் பலருண்டு.

ரவீஷ் மல்கோத்ராவை நாம் மறத்தலாகாது. அதே பயிற்சியை அவரும் பெற்றார். மாற்றாளாகத் தரையில் நின்றார். ஒருவர் பயணம் போக, அதே தகுதியுடைய மற்றொருவர் தங்கிவிடுவது நம் குடும்பங்கள் அறியாததன்று.

நம்மைப் பெரிதும் கவர்ந்தது திரும்பிய விதமே. விண்ணில் நெடுநாள் நிற்கும் கலம் தரங்குன்றும். ஆதலின் விருந்தாளிகள் தாம் கொணர்ந்த புதுக்கலத்தை வீட்டாரிடம் விட்டு, வீட்டாரின் பழங்கலமாகிய சோயுஸ் டி-10-இல் திரும்புவது முறை. தரையிறங்கும் அதிர்ச்சியைத் தாங்குவதற்காக, ஒவ்வொருவர் முதுகின் வடிவுக்கேற்ப வார்க்கப்பட்ட இருக்கை உண்டு. அதையும் கழற்றிப் பழங்கலத்திற்கு மாற்றிக்கொள்வர். நம்மவர் பாயைச் சுருட்டிக்கொண்டு வீடு மாறுவது போலத்தான்! ஏப்ரல் 11 அன்று சர்மா கசாக்ஸ்தான் புல்வெளியில் வந்திறங்கினார்.

கிசிமும் தோழர் இருவரும் 237 நாள் விண்ணில் தங்கி, அக்டோபர் 2 அன்று, விருந்தாளிகள் விட்டுச்சென்ற சோயுஸ் டி-11-இலேயே ஊர் திரும்பினர்.