வாசிப்பும் பரிசிலும்

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். காத்தான்குடி உட்பட நாடெங்கும் பாடசாலைகளும் பொது நூலகங்களும் அம்மாதத்திற் போட்டிகள் நடத்திப் பரிசில் வழங்குதல் வழமை. பரிசில் வாசிப்பு நாட்டத்தை வளர்க்குமா என்பது ஆராயத்தக்கது.

1973இல் லெப்பர், கிறீன், நிஸ்பெற் ஆகியோர் ஸ்ரான்போர்ட்டில் பாலர்களிடையே ஓர் ஆய்வு நிகழ்த்தினர். வரைதலில் இயல்பான நாட்டமுடைய சிறார் சிலருக்குச் சான்றிதழ் தருவதாக முற்கூட்டியே கூறப்பட்டது. ஓரிரு வாரங்களின் பின், அவர்கள் தாமாக வரைந்த நேரம் பரிசில் பெறாதவர்களினதில் ஏறத்தாழ அரைவாசியாயிற்று. எதிர்பாராது சான்றிதழ் பெற்றவர்களிடம் இக்குறைவு இல்லை. எனவே, கேடு பரிசிலில் அன்று, முன்கூட்டிய பேரத்திலேயே உள்ளது.

வரைதல் வேறு, வாசிப்பு வேறு எனலாம். ஆயின் 2008இல் மரினாக், காம்பிறெல் இருவரும் மூன்றாந்தர மாணவரிடம் கண்டதும் இதனோடு ஒத்ததே: சிறு அன்பளிப்புப் பொருள் பெற்றவர்களினும், நூலையே பரிசிலாகப் பெற்றவர்களும் ஒன்றும் பெறாதவர்களும் வாசிப்பைக் கூடுதலாக நாடினர்.

நூலைத் தொடாத பிள்ளைக்குப் பரிசில் தூண்டுகோலாகலாம். எண்ணிக்கைக்குப் பதக்கம் என்றாலோ, பிள்ளை மெல்லிய நூல்களையே தேடும் (அதுவும் கெட்டித்தனமே). புலமைப்பரிசிற் பரீட்சையும் குர்ஆன் மத்ரசாவும் போக எஞ்சும் சிறுபொழுதில், காத்தான்குடிப் பிள்ளைக்கு வாசிப்பும் மற்றொரு போட்டியாக வேண்டுமா? பதக்கத்துக்காகும் பணத்தில், பிள்ளை தானே தெரிந்தெடுக்கும் நூலொன்றை வழங்கலாம்.