மவுண்ட்ஸ்டூவர்ட் எல்பின்ஸ்டன் கிராண்ட் டஃப்

சர் மவுண்ட்ஸ்டூவர்ட் எல்பின்ஸ்டன் கிராண்ட் டஃப் (பெப்ரவரி 21, 1829 – ஜனவரி 12, 1906) ஒரு பிரித்தானிய அரசியல்வாதி ஆவார். 1881 முதல் 1886 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராகப் பணியாற்றினார். இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டப் பகுதிகள் அக்காலத்தில் இம்மாகாணத்தின் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்தன.

குடும்பப் பின்னணி

இவர் இசுக்காட்லாந்தில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் கிராண்ட் டஃப் சாத்தாராவில் பணியாற்றிய கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. மராத்தியர் வரலாற்றை எழுதி 1826-ல் வெளியிட்டவர். தமது மேலதிகாரியாக இருந்த பம்பாய் ஆளுநரின் பெயரையே மகனுக்குச் சூட்டினார். தாய்வழிப் பாட்டனாரான ஒயிட்லா ஐன்ஸ்லி சென்னையில் கம்பெனி மருத்துவராக இருந்தவர். இந்திய மருந்துப் பொருட்களைப் பற்றி அவர் எழுதி 1813-ல் சென்னையில் வெளியான நூல், அவற்றின் தமிழ்ப் பெயர்களையும் தருகிறது. ஆக, சென்னை இவருடைய குடும்பத்துக்குப் புதிய ஊர் அன்று.

நாடாளுமன்றத்தில்

ஆக்சுபோர்டில் பயின்ற இவர், லிபரல் கட்சி சார்பில் எல்ஜின் தொகுதியின் உறுப்பினராக 1857 முதல் 1881 வரை நாடாளுமன்றத்தில் இருந்தார். 1868–1874 காலத்தில் இந்தியத் துறையின் துணை அமைச்சராகவும் இருந்தார்.

ஆளுநராக

எல்ஜின் வாக்காளர்களை 24 ஆண்டுகள் சந்தித்த இவர், சென்னையில் வாக்குரிமையற்ற மக்களை ஆள வேண்டியிருந்தது. தாராளவாதி என்ற எதிர்பார்ப்பு விரைவில் மறைந்தது. செங்கல்பட்டு விவசாயிகள் வழக்கிலும் 1882 சேலம் கலவரத்திலும் அரசு நடந்துகொண்ட விதத்தை 'தி இந்து' கடுமையாகக் கண்டித்தது. கலவர வழக்கில் 10 ஆண்டுத் தண்டனை பெற்ற சி. விஜயராகவாச்சாரியார் மேல்முறையீட்டில் விடுதலையானார். 1884-ல் சென்னை மகாஜன சபை தோன்றியதும் இவருடைய ஆட்சிக்காலத்தில்தான்.

மெரீனா கடற்கரைச் சாலையை அமைத்துப் பெயரிட்டவர் என்பதே இன்று பலர் அறிந்த செய்தி. ஆனால், 1886-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டதாரிகளிடையே இவர் ஆற்றிய உரையும் குறிப்பிடத்தக்கது. தென்னிந்தியர் தம் சொந்த மொழிகளையும் வரலாற்றையும் ஆராய வேண்டும் என்று அதில் வலியுறுத்தினார். திராவிட இயக்கத்தின் முன்வரலாற்றை ஆராய்வோர் இவ்வுரையைச் சுட்டுவதுண்டு.

வாரிசுகள்

1859-ல் அன்னா ஜூலியா வெப்ஸ்டரை மணந்தார்; இவர்களுக்கு நான்கு மகன்களும் நான்கு மகள்களும் பிறந்தனர். ஆர்தர், எவலின் ஆகியோர் தூதரகப் பணியில் இருந்தனர். இராணுவ அதிகாரியான ஏட்ரியன், முதல் உலகப் போரின் தொடக்கத்தில், 1914 செப்டம்பரில், பிரான்சில் கொல்லப்பட்டார். அவருடைய மகள் ஷீலா கிராண்ட் டஃப் (1913–2004) 1930களில் பிராகாவிலிருந்து நாட்சிகளைப் பற்றி எச்சரித்து எழுதிய பத்திரிகையாளர் ஆவார்.