ஃப்ரீ பார்க்கிங்கை எடுத்துவிட்டால் கடைவீதி காலியாகிவிடுமா? பசடீனா நகரத்தில் நடந்தது என்ன?

கடைக்கு முன்னால் வண்டி நிறுத்த இடமில்லை. ஒரு ரவுண்டு, ரெண்டு ரவுண்டு சுத்திப் பார்த்துவிட்டு, 'சரி விடு, இன்னொரு நாள் வரலாம்' என்று திரும்பிய அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். அந்த இடத்தையெல்லாம் பிடித்து வைத்திருப்பது யார்? நம்மைப் போல வாங்க வந்தவர்கள் என்றுதான் நினைப்போம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள பசடீனா நகரத்தில் கிடைத்த பதில் வேறு.

அங்கே பழைய கடைவீதிப் பகுதிக்கு 'ஓல்ட் பசடீனா' என்று பெயர். செங்கல் கட்டடங்கள் நிறைந்த இடம். 1970-களில் பாழடைந்து கிடந்தது. சாலையோர பார்க்கிங் அப்போது ஃப்ரீ, ஆனால் 2 மணி நேரம்தான் கெடு. கடைகளில் வேலை பார்ப்பவர்கள் காலையிலேயே வந்து நல்ல இடமாகப் பார்த்து காரைப் போட்டுவிடுவார்கள். கெடு முடிகிற நேரத்தில் வெளியே வந்து, கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு மறுபடி வேலைக்குப் போவார்கள். வாடிக்கையாளர் வரும்போது இடம் இருக்காது.

மீட்டர் வைக்கலாம் என்று நகர நிர்வாகம் சொன்னதும் கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். காசு கேட்டால் வருகிற கொஞ்சநஞ்ச ஆளும் ஃப்ரீ பார்க்கிங் உள்ள மாலுக்குப் போய்விடுவார்களே என்ற பயம். நியாயமான பயம்தான், அவர்களுக்கு அது பிழைப்பு. வாக்குவாதம் சுமார் 2 வருஷம் இழுத்தது.

கடைசியில் முடிச்சை அவிழ்த்தது ஒரே ஒரு வாக்குறுதி. மீட்டரில் விழும் பணம் நகரத்தின் பொதுக் கஜானாவுக்குப் போகாது. இதே தெருக்களுக்குத்தான் செலவாகும். அதைக் கேட்டதும் கடைக்காரர்கள் இறங்கி வந்தார்கள். 1993-ல் மீட்டர்கள் வந்தன. மணிக்கு 1 டாலர்; சாயங்காலத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்துத்தான்.

வரப்போகும் வசூலை நம்பி நகரம் 50 லட்சம் டாலர் கடன் வாங்கியது. நடைபாதைகள் புதிதாயின, மரங்களும் பழைய பாணி விளக்குகளும் வந்தன, குப்பை நாறிய சந்துகள் ஆட்கள் நடக்கும் பாதைகளாக மாறின. கொடுத்த காசு காலடியிலேயே தெரிந்தது. ஊழியர்களின் கார்கள் வேறு இடம் தேடிப் போக, அந்த இடங்கள் வாங்க வருபவர்களுக்குக் கிடைத்தன. 2001-ல் மீட்டர்களின் நிகர வருமானம் மட்டும் 12 லட்சம் டாலர்.

மீட்டர் மட்டுமே இதைச் செய்தது என்று சொல்லிவிட முடியாது. பழைய கட்டடங்களை இடிக்காமல் காப்பாற்றியதும், பொது பார்க்கிங் கட்டடங்கள் இருந்ததும் கைகொடுத்தன.

அதே வட்டாரத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் வெஸ்ட்வுட் வில்லேஜ் கடைவீதி நேரெதிரான வழியில் போனது. வியாபாரம் படுக்கிறதே என்று 1994-ல் மீட்டர் கட்டணத்தை 1 டாலரிலிருந்து 50 சென்ட்டாகக் குறைத்தார்கள். வசூல் நகரத்தின் பொதுக் கணக்குக்குப் போனது. நடைபாதைகள் உடைந்தபடியே கிடந்தன, தெருவும் எழவில்லை.

இந்த இரண்டு தெருக்களையும் ஒப்பிட்டு எழுதியவர்களில் ஒருவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் ஷூப். 2025 பிப்ரவரியில் மறைந்தார். 'பார்க்கிங் ஃப்ரீயா இருக்கலாமா?' என்ற ஒரே கேள்வியோடு பல வருஷம் மல்லுக்கட்டியவர். வெஸ்ட்வுட்டில் அவர் போட்ட கணக்கு கொஞ்சம் தலைசுற்ற வைக்கும். ஒரு கார் இடம் தேடிச் சுத்துவது சராசரியாக 3.3 நிமிஷம்தான். ஆனால் வெறும் 15 பிளாக் உள்ள அந்தப் பகுதியில் ஒரு வருஷத்தில் இப்படிச் சுத்திய தூரம் சுமார் 15 லட்சம் கிலோமீட்டர். பூமியை 38 முறை சுத்தி வரலாம்!

சரி, கட்டணம் எவ்வளவு வைப்பது? 100 இடங்களில் 85 நிறைந்து 15 காலியாக இருக்கும் அளவுக்கு வையுங்கள் என்றார் ஷூப். எப்போதும் காலியாகக் கிடந்தால் விலை அதிகம், எப்போதும் நிரம்பி வழிந்தால் விலை குறைவு. 2005-ல் கலிஃபோர்னியாவின் ரெட்வுட் சிட்டி இதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டது. நேரக் கெடுவையும் தூக்கிவிட்டார்கள்.

அப்போ 8 மணி நேரம் கடையில் நிற்கும் ஊழியர் காரை எங்கே போடுவார்? ரெட்வுட் சிட்டியில் மெயின் கடைவீதியில் கட்டணம் அதிகம்; தள்ளிப் போகப் போகக் குறையும். ஊழியர் காரைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருகிறார். அரை மணி நேர வேலையாக வருபவர் கடை வாசலில் காசு கொடுத்து நிறுத்துகிறார்.