இடியை எண்ணும் பிள்ளைகள்

"ஒலியின் வேகம் எவ்வளவு?" என்று பள்ளி மாணவரைக் கேட்டால் எண்ணை உடனே ஒப்புவித்துவிடுவர். "அதை எவ்வாறு அறிந்தனர்?" என்று கேட்டால் விழிப்பர். நாம் அவர்களுக்கு விடையைக் கொடுத்தோமேயன்றி, கேள்வியைக் கொடுக்கவில்லை. இயற்பியல் கல்வி ஐந்தாறு வயதிலேயே, வீட்டு முற்றத்தில் தொடங்க வேண்டும் என்பதே நம் கருத்து.

பெற்றோரே, இதற்குப் பொருட்செலவு வேண்டியதில்லை. இரண்டு வெற்றுத் தீப்பெட்டிகளைத் துளையிட்டு, நீண்ட நூலால் இணைத்துக் கொடுங்கள். ஒரு பிள்ளை பேசட்டும். மற்றொன்று காதில் வைத்துக் கேட்கட்டும். நூல் விறைப்பாக இருந்தால் பேச்சு கேட்கும், தளர்ந்தால் கேளாது. "ஏன்?" என்று பிள்ளை வினவும்போது உடனே விடை கூறிவிடாதீர்கள். பேசுகையில் தொண்டையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நூலையும் மெல்லத் தொடச் சொல்லுங்கள். ஒலி அதிர்விலிருந்து பிறக்கிறது என்பதை அதன் விரல்களே அதற்குக் கற்பித்துவிடும்.

பிறகு மைதானத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். 200 மீட்டர் தொலைவில் ஒருவர் தட்டொன்றை ஓங்கி அடிக்கட்டும். அடி முதலில் கண்ணுக்குத் தெரியும். ஓசை சற்றுப் பிந்தியே வரும். தாம்பரம், பல்லாவரம் பகுதிப் பிள்ளைகள் வானில் உயரச் செல்லும் விமானத்தையும் நோக்கலாம். ஓசை வரும் திசையில் விமானம் இராது. அது முன்னே சென்றிருக்கும்.

இந்தத் தாமதத்தைக் கொண்டே நம் பரங்கிமலையில் ஓர் அரிய சோதனை நடந்தது. சென்னை வானாய்வுக்கூடத்தின் ஜான் கோல்டிங்காம், 1820, 1821 ஆண்டுகளில், பரங்கிமலையில் முழங்கிய பீரங்கியை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் தொலைவிலிருந்து கவனித்தார். வெடிப்பின் ஒளி தோன்றியது முதல் ஓசை எட்டும்வரை கழிந்த காலத்தை அளந்தார். அது சுமார் 26 விநாடி. தொலைவைக் காலத்தால் வகுத்து ஒலியின் வேகத்தைக் கண்டார். அவ்வேகம் பருவத்துக்கேற்ப மாறுவதும் அவர் அளவீடுகளில் புலப்பட்டது. வெப்பம் மிகுந்த காற்றில் ஒலி விரைந்து செல்லும் அன்றோ! அவருடைய முடிவுகள் 1823-இல் இலண்டனில் வெளியாயின.

நம் பிள்ளைகளுக்குப் பீரங்கி தேவையில்லை. ஐப்பசி மழை வரும். வீட்டினுள் அமர்ந்தவாறே, மின்னல் தோன்றியதும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என எண்ணச் சொல்லுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்பது கணக்கு.

இது வெறும் விளையாட்டன்று. ஆண்டுதோறும் நம் நாட்டில் 2,000-க்கும் மேற்பட்டோர் மின்னலுக்கு இரையாகின்றனர். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் வெளியே நிற்கலாகாது. மரத்தடியில் ஒதுங்குவது பெருந்தவறு. இறுதி இடி ஓய்ந்து 30 நிமிடம் கழிந்த பின்னரே விளையாடச் செல்லலாம். அச்சுறுத்தித் தடுக்கும் பிள்ளை, நாம் அயர்ந்த வேளையில் ஓடிவிடும். எண்ணக் கற்ற பிள்ளையோ தானே உள்ளே வரும். தன் தோழரையும் அழைத்து வரும்.

அடுத்த மழையிரவில் மின்விளக்கு அணையுமாயின், சலித்துக்கொள்ளாமல் பிள்ளைகளை அருகில் அமர்த்தி எண்ணத் தொடங்குங்கள்.