அடகுக் கடையில் டி.வி. ஷோ! அமெரிக்காவில் பேரம், குமரியில் பெருமூச்சு!

நாகர்கோவில் –

அடகுக் கடைக்குப் போவதை யாராவது ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டுப் போவார்களா?

நம்ம ஊரில் போகமாட்டார்கள். நகையைக் கைக்குட்டையில் முடிந்து, மஞ்சள் பைக்குள் போட்டு, தெரிந்த முகம் ஏதாவது தட்டுப்படுகிறதா என்று முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத்தான் படியேறுவார்கள்.

ஆனால் அமெரிக்காவில் அதையே டி.வி.யில் காட்டினார்கள். உலகமே உட்கார்ந்து பார்த்தது!

அந்த நிகழ்ச்சியின் பெயர் ‘பான் ஸ்டார்ஸ்’. 2009-ம் ஆண்டு ஜூலை மாதம் ‘ஹிஸ்டரி’ சேனலில் தொடங்கியது. 2011-ல் இந்தியாவுக்கு வந்த ‘ஹிஸ்டரி டிவி 18’ மூலம் நம் வீட்டுக் கூடத்துக்கும் வந்து சேர்ந்தது.

மூன்று தலைமுறை

சூதாட்ட நகரம் என்று பேர்போன லாஸ் வேகாசில் ஒரு அடகுக் கடை. பெயர் ‘கோல்டு அண்டு சில்வர்’. தாத்தா ரிச்சர்டு ஹாரிசன், மகன் ரிக், பேரன் கோரி என்று 3 தலைமுறையும் ஒரே கடையில். கூடவே ‘சம்லி’ என்ற பட்டப்பெயருடன் ஒரு ஊழியர்.

ஒருவர் பழைய துப்பாக்கியோடு வருவார். இன்னொருவர் கிடாரைத் தூக்கிக்கொண்டு வருவார். அசல்தானா என்று சொல்ல ஒரு நிபுணர் வருவார். அதன் பிறகு பேரம். ‘ஆயிரம் டாலர் வேணும்’, ‘முன்னூறுதான் தருவேன்’ என்று இழுபறி. கடைசியில் கைகுலுக்கல்.

கடையைக் கட்டிக் காத்த தாத்தா ரிச்சர்டு ஹாரிசன் 2018 ஜூன் மாதம் காலமானார். அந்தச் செய்தி உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. அடகுக் கடைக்காரருக்கு அப்படி ஒரு மவுசு!

அந்த நிகழ்ச்சியை ஒழுங்காகப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் புரிந்திருக்கும். டி.வி.யில் வந்தவர்களில் பெரும்பாலானோர் பொருளை அடகு வைக்கவில்லை. விற்றுவிட்டுப் போனார்கள்! பணம் கைக்கு வந்தது, கதை முடிந்தது.

இங்கேதான் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம். நம்மவர்கள் விற்கப் போவதில்லை. மீட்கத்தான் வைக்கிறார்கள். அந்த ‘மீட்க’ என்ற சொல்லுக்குள்தான் குடும்பத்தின் மானமே இருக்கிறது.

பணயம் என்ற பேச்சு

குமரி மாவட்டத்தில் பல ஊர்களில் ‘அடகு’ என்று சொல்வதில்லை. ‘பணயம்’ என்பார்கள். 1956 நவம்பர் 1-ம் தேதி தமிழ்நாட்டோடு சேரும்வரை இது திருவிதாங்கூர் சீமை அல்லவா? மலையாளத்திலும் அதே சொல்தான்.

சொல் மட்டுமா? கோழஞ்சேரியில் பிறந்த முத்தூட், வலப்பாட்டில் பிறந்த மணப்புரம் என்று கேரளத்து நகைக்கடன் நிறுவனங்களும் தமிழ்நாடு முழுவதும் கடை விரித்தன. கூட்டுறவுச் சங்கம், வங்கி, சேட்டு கடை எல்லாம் சேர்த்தால், பவுனைக் கொண்டுபோக வாசலுக்குப் பஞ்சமே இல்லை.

ஜூன் மாதக் கூட்டம்

ஜூன் மாதம் பிறந்தால் போதும். இந்த மாவட்டத்தில் பவுன் வீட்டைவிட்டு வெளியே கிளம்பும்.

ஏன் என்று கேட்கிறீர்களா? நாலு காரணம்.

ஒன்று: பள்ளிக்கூடத் திறப்பு. பீஸ், புத்தகம், யூனிபார்ம், வேன் கட்டணம்.

இரண்டு: மீன்பிடித் தடைக்காலம். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் அடங்கிய மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15-லேயே தடை தொடங்கி, ஜூன் 14 வரை இருக்கும். படகு கரையில், அடுப்பு எரிய வேண்டுமே!

மூன்று: மழை. குலசேகரம் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் ரப்பர் பால்வெட்டு நிற்கும். பால்வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை.

நாலு: கன்னிப்பூ சாகுபடி. நாஞ்சில் நாட்டு வயலுக்கு உரம் போடவும் ஆள்கூலி கொடுக்கவும் அறுவடைவரை காத்திருக்க முடியுமா?

ஆக, மகளுக்குச் சீதனம் போட்ட வளையலோ, தன் கழுத்துச் சங்கிலியோ பெட்டியைவிட்டுக் கிளம்புகிறது. ‘ஓணத்துக்குள்ள எடுத்திரலாம்’ என்று மனதுக்குள் ஒரு கணக்கு. அந்தக் கணக்கு தப்பும்போதுதான் வினை.

‘எவ்வளவு தருவிய?’

கவுண்டரில் முதல் கேள்வி இதுதான்: ‘அண்ணாச்சி, எவ்வளவு தருவிய?’

கேட்க வேண்டிய முதல் கேள்வி அது அல்ல! ‘எடை எவ்வளவு, கழிவு எவ்வளவு?’ என்பதுதான்.

மதிப்பீட்டாளர் நகையை உரைகல்லில் உரசுவார். சில இடங்களில் மெஷினில் வைத்துப் பார்ப்பார்கள். கல் பதித்த நகை என்றால் கல்லின் எடையைக் கழிப்பார்கள். அரக்கு இருந்தால் அதையும் கழிப்பார்கள். கடையில் நீங்கள் கொடுத்த செய்கூலி, சேதாரம் எதற்கும் இங்கே மதிப்பு கிடையாது. தங்கத்துக்கு மட்டுமே காசு.

நம்ம வடசேரியில் செய்யும் கோவில் நகை இதற்கு நல்ல உதாரணம். நாகர்கோவில் கோவில் நகைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. பரத நாட்டிய மேடையில் ஜொலிக்கும் அந்தச் சிவப்புக் கல் அட்டிகைகளில் பல, வெள்ளியில் செய்து தங்கம் பூசியவை. மேடையில் மகாராணி, அடகுக் கவுண்டரில் எடை போட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்!

வந்தது புது சட்டம்

2025-ம் ஆண்டு நகைக்கடன் பிரச்சினை தமிழ்நாட்டையே கலக்கியது. ரிசர்வ் வங்கி ஏப்ரலில் வெளியிட்ட வரைவு விதிகளைப் பார்த்து விவசாயிகளும் கட்சிகளும் கொதித்தெழுந்தனர். அந்த எதிர்ப்புக்குப் பிறகு, ஜூன் 6-ந் தேதி இறுதி விதிகள் வந்தன. 2026 ஏப்ரல் 1-க்குள் அமல்படுத்த வேண்டும் என்றும் உத்தரவானது.

அதில் ஏழைக்கு என்ன இருக்கிறது?

நகை மதிப்பில் இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 85 சதவீதம் தரலாம். 5 லட்சம் வரை 80 சதவீதம். அதற்கு மேல் 75 சதவீதம்.

‘அப்போ ஒரு லட்சம் ரூவா நகைக்கு 85 ஆயிரம் கையில கிடைக்குமா?’ என்று கேட்பீர்கள். பொறுங்கள்! வட்டியை மாதாமாதம் கட்டாமல் கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடன் என்றால், ஓராண்டு வட்டியும் அந்த 85 ஆயிரத்துக்குள் அடங்க வேண்டும். வட்டி 12 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு வருவது சுமார் 75 ஆயிரத்து 900 ரூபாய்தான்.

அந்த மாதிரிக் கடனைப் புதுப்பிக்க, அதுவரை ஏறிய வட்டியைக் கட்டியாக வேண்டும். இதற்காக ஒருநாள் வட்டிக்குக் கைமாற்று வாங்கி மாட்டிக்கொள்ளாமல், வட்டிப் பணத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

பெண்களே, இதைக் கேளுங்கள்!

நகையை உரசிப் பார்க்கும்போது நீங்களும் அங்கே இருக்க வேண்டும். கண்ணுக்கு மறைவாக உள்ளே எடுத்துப் போனால், ‘எனக்கு முன்னால பாருங்க’ என்று சொல்லுங்கள். எடை, தரம், கழிவு எல்லாவற்றையும் எழுதிக் கையில் தர வேண்டும்.

கடன் விவரத்தைத் தமிழில் கேட்கலாம். எழுத்தறியாதவர் என்றால் சாட்சி ஒருவர் முன்னிலையில் விளக்கிச் சொல்ல வேண்டும்.

பணம் முழுவதையும் கட்டிவிட்டால் அன்றைக்கே நகை தர வேண்டும். மிஞ்சிப் போனால் 7 வேலை நாள். கடன் கொடுத்தவர் தரப்பில் தாமதம் என்றால் நாள் ஒன்றுக்கு 5 ஆயிரம் ரூபாய் உங்களுக்கு நஷ்டஈடு!

‘மூழ்கிப் போச்சு’

கேட்கவே வயிறு எரியும் சொல் இது. தவணை தாண்டி நகை ஏலத்துக்குப் போய்விட்டால் ‘மூழ்கிப் போச்சு’ என்பார்கள். அதோடு எல்லாம் போயிற்று என்று பலர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அப்படி உட்காரக்கூடாது! ஏலத்துக்கு முன் உங்களுக்குத் தகவல் வர வேண்டும். பத்திரிகையில் விளம்பரம் வர வேண்டும். முதல் ஏலம் இதே மாவட்டத்தில் நடக்க வேண்டும். அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறைவாக ஆரம்ப விலை வைக்கக்கூடாது.

முக்கியமான விஷயம்: கடனும் வட்டியும் செலவும் போக மிச்சம் வந்தால் அது உங்கள் பணம். ஏலத்தொகை முழுவதும் வந்த 7 வேலை நாளில் திருப்பித் தர வேண்டும். 2025 அக்டோபரில் பவுன் விலை 90 ஆயிரத்தைத் தாண்டியது. பழைய விலைக்கு வைத்த நகை என்றால், மிச்சம் கொஞ்சநஞ்சமாக இருக்காது!

சேட்டு கடைக்கு வேறு சட்டம்

இந்த விதிகள் எல்லாம் வங்கிக்கும், கூட்டுறவு வங்கிக்கும், நிதி நிறுவனங்களுக்கும்தான். தெருமுனை அடகுக் கடைக்கு 1943-ம் ஆண்டு அடகுப் பிடிப்போர் சட்டம். அங்கே உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டு இல்லாமல் நகையைக் கொடுக்காதீர்கள். ‘தெரிஞ்ச கடைதான, சீட்டு எதுக்கு?’ என்பது நல்ல மனசுதான். ஆனால் வழக்கு என்று வந்தால் மனசு சாட்சி சொல்லாது.

கொள்ளை போனால்?

2021 ஜனவரியில் ஓசூர் முத்தூட் கிளையில் துப்பாக்கியைக் காட்டி சுமார் 25 கிலோ நகையை அள்ளினார்கள். மறுநாளே ஐதராபாத் அருகே கும்பல் சிக்கியது. 2022 ஆகஸ்டில் சென்னை அரும்பாக்கத்தில் ஒரு நிதி நிறுவனக் கிளையில் 31 கிலோவுக்கு மேல் போயிற்று. கைதானவர்களில் அந்த நிறுவன ஊழியரே ஒருவர்! சில நாட்களில் நகையும் கிடைத்தது.

அப்படி நகை தொலைந்தால் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. அடகு வைத்தவருக்கு ஈடு செய்ய வேண்டும் என்கிறது விதி. அதற்கும் ஆதாரம் அந்தச் சீட்டும், எடை எழுதிய தாளும்தான்.

லாஸ் வேகாஸ் கடையில் கேமரா இருந்தது. ஏமாற்றினால் உலகம் பார்த்துவிடும். மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் வரிசையில் நிற்கும் நம் வீட்டுப் பெண்ணுக்கு எந்தக் கேமராவும் இல்லை.

அவளுக்குத் துணை அந்த ஒற்றைத் தாள்தான். நகையைவிடப் பத்திரமாக அதை வையுங்கள்!